கழுவ வேண்டாம்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவியவர் அவர். மாணவர்கள் ‘பளிச் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். அதில் கேலி கொஞ்சம் உண்டு. மரியாதை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சோதனை முடிந்து குடுவையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டால் போதும், அவர் கை அங்கே இருக்கும். ‘கழுவ வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டிய பாத்திரங்களை மட்டும் விட்டுவைப்பார். அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. சுற்றித் துடைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஓய்வு பெற்றபின் கைகள் தவித்தன. தெருமுனை நூலகத்துக்குப் போய், சனிக்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் செய்து காட்டுகிறேன் என்று தானே கேட்டு, பின்னறையை வாங்கினார். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் கையில் மறுபடி கண்ணாடி இருந்தது.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தார்கள். வந்தார்களே தவிர, இருக்கவில்லை. பத்தே கால் ஆவதற்குள் ஒருவன் மேசைக்கு அடியில் இருப்பான், இருவர் ஜன்னல் கம்பியில் தொங்குவார்கள், மற்றவர்கள் வாசலில் செருப்பு தேடுவார்கள். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

நூலகர் பழைய நாளிதழ்களை அடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். “இந்த வாரமும் பாதியில கலைஞ்சு போனாங்கன்னா நிறுத்திக்கலாங்க” என்றார். “ரூமை பேப்பர் கட்டுக்கு எடுத்துக்கறேன்.”

ஒரு வாரம் கூடவந்து பார்த்திருந்த தங்கை வீட்டில் சிரித்தாள். “கோளாறு உங்கிட்டதான்க்கா. அதுங்க ஒரு சொட்டு விட்டுட்டு நிமிர்றதுக்குள்ள டம்ளரைப் புடுங்கிக் கழுவிடுற. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா தங்களையும் கழுவிக் கவுத்து வெச்சிடுவாளோன்னு ஓடுதுங்க.”

“கறை புடிச்சா கண்ணாடி கெட்டுப்போகும்டி.”

“கெடட்டுமே. நீ பெத்ததா அது?”

அந்தச் சனிக்கிழமை பின்னறைத் தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன. குழாய் ரிப்பேர்காரர். “பதினொண்ணு ஆகும்மா. அதுவரைக்கும் குழாயைத் தொட்டுடாதீங்க.”

இருந்தது ஒரு வாளித் தண்ணீர். அதை ஒன்பது கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, அசையாமல் நிற்க விட்டு, மைக்குப்பியையும் சொட்டுக்குழாயையும் வைத்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு சொட்டு விட்டார்கள். வழக்கமாக இந்த இடத்தில் அவர் “பார்த்தாச்சா?” என்றபடி டம்ளரை எடுப்பார். இன்று எடுத்து எங்கே கழுவுவது? கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ரெட்டைப் பின்னல் போட்ட சிறுமி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். “எடுத்துக்கலையா?”

“இல்ல கண்ணு. இருக்கட்டும்.”

வேறு செய்ய ஒன்றுமில்லாததால் அவள் டம்ளரைப் பார்த்தாள். மை இன்னும் கரையவில்லை. தலைகீழாகப் பிடித்த புகை போல இறங்கிக்கொண்டிருந்தது. நூலாகி, நூலின் முனை வளையமாகி, வளையம் கிழிந்து மூன்று நூலாகி, ஏதோ நினைவு வந்தாற்போல நின்று, மறுபடி இறங்கியது. ஜன்னல் வெயில் அதற்குள் நீலமாகப் படுத்திருந்தது. அவள் மேசையில் தாடையை வைத்துக்கொண்டாள். பக்கத்துத் தாடையும் வந்தது. மேசைக்கு அடியில் இருந்தவன் சத்தம் நின்றதைக் கேட்டு எழுந்து வந்தான்.

“ஏய், இது நடக்குது!”

“எங்கடா கால்?”

“இதோ, மூணு.”

“அது கால் இல்ல. தும்பிக்கை.”

“லூசு, தும்பிக்கை மூணு இருக்குமா?”

“இதுக்கு இருக்கும்.”

அவரும் குனிந்தார். ஆயிரக்கணக்கான குடுவைகளைக் கழுவிய கண்கள் ஒரு குடுவைக்குள்ளாவது இப்படிப் போய் உட்கார்ந்ததில்லை. ஒன்றைப் பார்ப்பதற்கு அந்தப் பொருள் மட்டும் போதாது. அது தன் போக்கில் நடந்து முடிய நேரமும் வேண்டும். அவர் அன்று நல்ல ஆசிரியை ஆகிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. அவர் செய்தது, சும்மா இருந்ததுதான். அதுவும் குழாயின் தயவில்.

பதினொன்றுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது.

“எல்லாரும் போயாச்சா? சத்தமே காணோம்” என்றபடி வந்த நூலகர் ஒன்பது தலைகளைப் பார்த்தார்.

“உஷ்! நடக்காதீங்க அங்கிள். மேசை ஆடுது. கலைஞ்சிடும்.”

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவர், மெதுவாக வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.

தொட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “வேலை சீக்கிரமே முடிஞ்சிடுச்சும்மா. தண்ணி திறந்து விடட்டுமா?”

“கொஞ்சம் இருப்பா” என்றார் நூலகர், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினொன்றுக்கு மேல் அம்மாக்கள் வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ரெட்டைப் பின்னல் வாசலிலிருந்து திரும்பினாள். “அடுத்த வாரம் இது எப்படி இருக்கும்?”

“தெரியலையே கண்ணு.”

“கழுவிடுவீங்களா?”

பக்கத்தில் நின்ற நூலகர் அவரிடம் சொன்னார்: “பேப்பர் கட்டை மாடிப்படிக்குக் கீழ வெச்சுக்கறேங்க.”

அறை காலியான பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. அந்தச் சத்தத்துக்கே கை எழுந்து முதல் டம்ளரைத் தொட்டது. சற்று நின்றது. பிறகு அவர் ஒரு தாளைக் கிழித்து, இத்தனை வருடம் படித்து மட்டுமே வந்த இரண்டு சொற்களை முதல் தடவையாகத் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினார். குழாயை மூடிவிட்டு வந்து, மேசையில் தாடையை வைத்துக்கொண்டார்.