போணிக்கு வந்த ஜெனி

மயில் கழுத்து நிறப் பட்டு. கல்யாணப் பெண்ணின் அம்மா முன்னால் உதறி விரித்தேன். முந்தானை அவர் மடியில் போய் விழ வேண்டும். மேசைக்குக் கீழே சரிந்தது. எடுக்கக் குனிந்தேன், வலது கை என்னோடு வரவில்லை.

சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. தி.நகரில் என்னைப் போல் சேலை விரிக்க ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். நடைபாதையில் துண்டு விற்றுத் தொடங்கி மூன்று மாடிக் கடை கட்டினேன். எம்.காம். படித்தவர்கள் எனக்குக் கணக்கு எழுதினார்கள். எல்லாம் இந்தக் கை கொடுத்தது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் விழுந்துவிடுவது) என்றார் மருத்துவர். பேச்சுக்குச் சேதமில்லை. கால் மெல்லத் திரும்பியது. கை திரும்பவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் முருகேசனும் மருமகளும் நாளெல்லாம் கடையில். அதனால் அடையாற்றில் ஒரு முதியோர் இல்லத்தில் என்னைச் சேர்த்தான். அவன் மேல் குறையில்லை. கிளம்பும்போது, "சட்டைப் பொத்தான நீங்களே போட்டுக்கிட்டீங்கன்னா மறுநாளே வந்து கூட்டிட்டுப் போறேன்ப்பா" என்றான். எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் என் நாற்காலி.

இல்லத்தின் கீழ்த்தளத்தில் சிறு பிள்ளைகளுக்கான காப்பகம் இருந்தது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாகப் புழங்கட்டும் என்று நடத்துகிறவர்கள் செய்த ஏற்பாடு. எனக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை.

கைப் பயிற்சி கொடுக்க வந்த மருத்துவர் ஒரு பஞ்சுப் பந்தை அமுக்கச் சொன்னார். கைக்குட்டையை மடிக்கச் சொன்னார். மூன்று மாடி கட்டியவனுக்குக் கைக்குட்டையா? மாட்டேன் என்றேன். விரல்கள் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டன. தசை இறுக்கம் (மூளையின் கட்டளை சரியாகப் போய்ச் சேராமல் தசை விறைத்துக்கொள்வது) என்று விளக்கி, "இப்படியே விட்டா நிலைச்சிரும் ஐயா" என்று எச்சரித்தார். அதற்குப் பிறகும் பந்து கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது.

ஒரு நாள் காலை என் அறைக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக ஜெனி வந்தாள். மூன்று வயது. அவள் அம்மா மயிலாப்பூரில் ஆசிரியை; பள்ளிக்குப் போகும் வழியில் அவளைக் காப்பகத்தில் விட்டுச் செல்வார். ஈரம் காயாத துண்டை என் மடியில் போட்டு, "மடிச்சுக் குடு" என்றாள்.

போணி என்றால் கடைக்காரர்களுக்குத் தெரியும், நாளின் முதல் வியாபாரம். முதலில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்குக் கடை விளங்காது. நட்டத்துக்குக் கூடக் கொடுத்திருக்கிறேன்; அனுப்பியதில்லை. இங்கே கடையுமில்லை, கல்லாவுமில்லை. ஆனாலும் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

இடது கையால் மடித்துக் கொடுத்தேன். பார்த்தாள். பிரித்துப் போட்டாள்.

"அந்தக் கையும் வை."

"அது வராது பாப்பா."

"எனக்குந்தான் வராது. நீ வை."

முறுக்கிய கையை இடது கையால் தூக்கித் துண்டின் மேல் வைத்தேன். அது நழுவும், மறுபடி வைப்பேன். அவளைத் தேடி வந்த காப்பக ஆயா வாசலில் நின்று பார்த்தாள். "இன்னா பெரியவரே, மூணு மாடி கட்டுனேன்னு சொல்லிக்கினு கீறீங்க, ஒரு துண்டு மடிக்க இம்மாம் நேரமா?"

மறுநாளும் ஜெனிதான் போணி. பிறகு தினமும். துண்டு முடிந்து, பொம்மைச் சட்டையின் பொத்தானுக்கு வந்தோம். அவளுக்கும் அது புதுசு, எனக்கும் புதுசு. கோடை விடுமுறை வருவதற்குள் அவள் பார்க்காமலே போடப் பழகிவிட்டாள். நான் இரண்டாவது பொத்தானில் நின்றேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஜெனி எல்.கே.ஜி. போய்விட்டாள். விடிந்ததும் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். வேறு பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் துண்டையும் மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவரும் பிரித்துப் போடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் என் சட்டையின் கடைசிப் பொத்தானையும் நானே போட்டுவிட்டேன். முருகேசன் சொன்னபடி மறுநாளே வந்தான்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ கை விழுந்திருந்தால் நான் சொல்ல ஒன்று உண்டு. பந்தைக் கட்டிலுக்கு அடியில் போடாதீர்கள். நான் வீணாக்கிய வாரங்கள் திரும்பவில்லை. இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், இருப்பதை விடாமல் பழகுங்கள் என்றுதான் மருத்துவர் சொல்லி அனுப்பினார். இந்தக் கை இனிச் சேலையை உதறி விரிக்காது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என் வலது கைக்கு மூன்று வயதுதான் ஆகிறது. தினமும் கடைக்கு அழைத்து வருகிறேன். கல்லா ஓரம் மடியில் உட்கார்ந்து, எட்டுகிற துணியையெல்லாம் தொட்டுப் பார்க்கிறது. கூட்டம் நெருக்கி விலை கேட்கும் நேரத்திலும், ஒரு ஓரத்தை இன்னொரு ஓரத்தோடு சேர்க்கப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அவசரப்படுத்துவதில்லை. மத்தியானத்துக்கு மேல் அது களைத்துவிடும். எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறேன். கடை அது பாட்டுக்கு நடக்கிறது.