காலி டப்பாவும் வேன் வெளிச்சமும்

1. சோதனைச் சாவடி

ஃபீல்டு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்பார்கள். "மேடம், இத்தனை வருஷம் இந்த டப்பாவெல்லாம் தூக்கியிருக்கீங்களே, அருவருப்பா இல்லையா?" அருவருப்பு முதல் வாரத்தோடு போய்விட்டது. எரிச்சல்தான் வெகுநாள் இருந்தது. அந்த எரிச்சலும் டப்பா காலியாக வந்ததால் வந்தது.

1991. கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் கழிப்பிடப் பழக்கம், மலச்சிக்கல், குடற்புழு பற்றிய ஓர் ஆராய்ச்சியில் எனக்கு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் இன்வெஸ்டிகேட்டர். கேட்பதற்கு ஏதோ துப்பறியும் உத்தியோகம் மாதிரி இருக்கும். வேலை என்னவோ மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பெண்களிடம் முதல் நாள் கொடுத்து, மறுநாள் சாம்பிளோடு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னை லேபுக்குக் கொண்டுபோவதுதான்.

அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் பையோடு போகிற யாரையும் போலீஸ் சும்மா விடவில்லை. சாம்பிள் வாங்கிக்கொண்டு நான் திரும்பிய முதல் நாளே பஸ்ஸை நிறுத்தினார்கள். மீசை வைத்த கான்ஸ்டபிள் ஒருவர் ஏறி நேராக என் பெட்டிக்கு வந்தார்.

"இன்னாம்மா இது, இத்தினி டப்பா?"

"சாம்பிள் சார்."

"இன்னா சாம்பிள்?"

பஸ் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

"வெளிக்குப் போறது சார்."

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆனாலும் போலீஸ் மூளை அல்லவா? லத்தி நுனியால் ஒரு மூடியை நெம்பினார். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும் காலி.

"காலி டப்பாவ வெச்சிகினு ஊரெல்லாம் சுத்தினுகிறியா? என்னாண்டயே கதை வுடுறியா?"

அடையாளச் சீட்டைக் காட்டித் தப்பித்தேன். இறங்கும் வரை பஸ்ஸில் சிரிப்பு ஓயவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கொடுத்த டப்பாக்களில் முக்கால்வாசி காலியாகவே திரும்பியிருந்தன.

2. தினமும் கீரை

எனக்கு ஒதுக்கியிருந்தது ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு கம்பெனி. வரிசையாகத் தையல் மெஷின்கள், வரிசையாகப் பெண்கள். அந்த வரிசைக்கு லைன் என்று பெயர். ஒருத்தி எழுந்து போனால் அவளுக்குப் பின்னால் இருப்பவளிடம் பீஸ் தேங்கிவிடும்.

படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பெண்கள் டப்பாவை ஒழுங்காகக் கொடுத்தார்கள். ஓரகடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துப் பெண்கள்தான் காலியாகக் கொடுத்தார்கள்.

"தெனமும் வெளிக்குப் போறியா?" என்று கேட்பேன்.

"போறன்க்கா."

"அப்புறம் டப்பா ஏன் காலி?"

"இன்னிக்கி வரலக்கா."

நேற்றும் வரவில்லை, முந்தாநாளும் வரவில்லை. எனக்கு "டப்பாக்கா" என்று பெயர் மட்டும் வந்துவிட்டது.

ஆராய்ச்சியின் தலைவி ஒரு லேடி டாக்டர். நல்லவர். ஆனால் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். "உன் ஏரியாவுல மட்டும் ஏன் சாம்பிள் வரல? நீ சரியா எடுத்துச் சொல்லலையா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு, "கீரை, வாழைப்பழம் சாப்பிடச் சொல்லு. தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லு" என்றார்.

அதை அப்படியே லைனில் போய் ஒப்பித்தேன். லூர்து என்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்தொன்பது வயது, ஒல்லி, வேலையில் படுவேகம்.

"கீரைக்கு எங்க ஊர்ல இன்னாக்கா பஞ்சம்? தெனம் அதான். எங்கப்பா மூஞ்சக் கூட மறந்துடுவேன், கீரைய மறக்க மாட்டேன்."

சிரித்த அதே லூர்துதான் அந்த வாரக் கடைசியில் டப்பாவில் கொஞ்சம் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபடி என் கையில் திணித்தாள். திறந்து பார்த்தேன். கல் போல இருந்தது. மேலே ரத்தம்.

டாக்டர் அவளைத் தனியாக அழைத்துப் பரிசோதித்தார். ஆசனவாயில் வெடிப்பு. நாள்கணக்கில் அடக்கி அடக்கி, இறுகிப்போய், வெளியே வரும்போது கிழித்திருக்கிறது. களிம்பும் மருந்தும் கொடுத்தார். "இது தற்காலிகம்தான். தினமும் ஒழுங்கா போனாத்தான் ஆறும்" என்றார்.

அதற்குள் வேறொரு சங்கடம். லூர்து அப்போது டிரெய்னிங்கில் இருந்தாள். வலி தாங்காமல் லைனை விட்டு அடிக்கடி எழுந்து போனாள் என்று சூப்பர்வைசர் எழுதி வைத்துவிட்டார். டாக்டர் மேனேஜரிடம் போய்ப் பேசினார்.

"ஒரு மாசம் பாக்கலாம் டாக்டர். அப்பவும் இப்படியே எந்திரிச்சுப் போய்ட்டிருந்தா கன்ஃபர்ம் பண்ண முடியாது. எனக்கு லைன் ஓடணும்" என்றார் மேனேஜர்.

இதைச் சொன்னபோது லூர்து சிரிக்கவில்லை. "எங்க வூட்டுல மாச சம்பளம் வாங்குற மொத ஆளு நான்தாங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

3. ரோட்டோரம்

கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி வேனில் லூர்துவோடேயே ஏறி அவள் ஊருக்குப் போனேன். அவள் அம்மா கருவாட்டுக் குழம்பும், சொன்னால் நம்பமாட்டீர்கள், கீரையும் போட்டார். பாய் விரித்துப் படுக்க வைத்தார்.

விடிவதற்கு முன் என் தோளைத் தட்டினார். "ஏந்துக்கோ பாப்பா. வண்டி வர்றதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்."

சொம்போடு கிளம்பினோம். தெருவில் அங்கங்கே பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தில்தான் முன்பெல்லாம் போவார்களாம். அதை யாரோ மொத்தமாக வாங்கிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். வயலில் மழைத் தண்ணீர் நின்றது. மிச்சம் இருந்தது ஊருக்குள் வரும் ரோட்டின் இரண்டு ஓரமும்தான்.

உட்கார்ந்தேன். சுற்றிலும் இருட்டு. சளசளவென்று பேச்சு. ஒருத்தி தன் மாமியாரைப் பற்றிச் சொல்ல, இருட்டுக்குள்ளிருந்து அந்த மாமியாரே பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது தூரத்தில், ரோட்டு முனையில், வெளிச்சம் திரும்பியது.

பேச்சு நின்றது. வரிசையாக எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்தேன். யாரும் சொல்லவில்லை, உடம்பு தானாக எழுந்தது. எங்கள் கம்பெனி வேன், முழு ஹெட்லைட்டோடு எங்களைத் தாண்டி ஊருக்குள் போனது. உட்கார்ந்தோம். உள்ளே போன வேன் ரிவர்ஸ் எடுத்தது. வெளிச்சம் ரோட்டோரத்தைத் துடைத்தது. எழுந்தோம். பிறகு ஹாரன். காலனிப் பக்கம் ஒரு முறை போய்வந்தது. மறுபடியும் எழுந்தோம். மூன்றாவது முறை சேலையைச் சரிசெய்துகொண்டு நிற்கையில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. ஒரே நாளில் எனக்கே இப்படி என்றால் இவர்களுக்கு?

"அவ்ளோதாங்க்கா, வண்டி வந்துட்ச்சி" என்று லூர்து ஓடினாள். முகம் கழுவி, தலை வாரி, வேன் ஏற வேண்டும்.

"அப்போ இன்னிக்கி?"

"இனிமே ராத்திரிதான்."

"கம்பெனியில கக்கூஸ் இருக்கே?"

"கீது. பூட்டும் கீது. சாவி சூப்பர்வைசர் டேபிள்ல. அத்தினி ஆம்பளைங்க எதுர்ல போய் கேக்கணும். வலி உயிரு போச்சின்னா கேட்டு வாங்கினு போவேன். போனா வராது. திரும்பி வந்தா திட்டு."

அன்று நானும் காலி வயிற்றோடு அல்ல, கனத்த வயிற்றோடுதான் லேபுக்குப் போனேன்.

4. உட்கார இடம்

டாக்டரிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். மறுநாள் விடியும் முன் வந்து, வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் பின்சீட்டில் இருந்தேன். ஊர் ரோட்டில் வேன் திரும்பியதும் ஹெட்லைட்டில் ஒவ்வொருவராக எழுந்து முகத்தைத் திருப்பி நின்றார்கள்.

கீழே இறங்கியபோது டாக்டரின் கண் சிவந்திருந்தது. "வழியெல்லாம் பொம்பளைங்க எனக்கு எழுந்து நின்னாங்க. நான் என்ன கலெக்டரா?" என்றார். அந்த அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

டிரைவர் ஏகாம்பரத்துக்கும் மனசு கேட்கவில்லை. "நான் இன்னாம்மா பண்றது? லைட்ட அமுத்திட்டு ஓட்டினா குளத்துலதான் வுடணும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. வேன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிறது. முதலில் இந்த ஊர்ப் பெண்களை ஏற்றுகிறது. பிறகு படப்பை வரை போய் அங்கே ரூமில் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு, இதே ஊர் முனையைத் தாண்டித்தான் கம்பெனிக்குத் திரும்புகிறது.

"அண்ணே, மொதல்ல நேரா படப்பை போய்ட்டு, திரும்பி வரும்போது இவங்கள ஏத்தினா என்ன? அதுக்குள்ள விடிஞ்சிடும். இவங்க எல்லாம் நிம்மதியா போய்ட்டு வந்திருப்பாங்க. படப்பை ரூம்ல கக்கூஸ் இருக்கு, அவங்களுக்குத் தொல்லை இல்ல."

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "ரைட்டுதான். டீசல் கூட ஒண்ணும் ஏறாது. ஆனா ஊர்க்காரங்க வுடணுமே."

ஏன் விடமாட்டார்கள்? அந்த ஊருக்கு முதலில் வேன் வருவதே ஊரார் கம்பெனி கேட்டில் போய் நின்று வாங்கிய உரிமை. முதலில் ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். படப்பையில் ஏறுபவர்களில் பாதிப் பேர் நின்றுகொண்டுதான் வருவார்கள். அந்த உரிமைக்காக முன்னால் நின்று பேசியவர் லூர்துவின் அப்பா சவரிமுத்து.

மேனேஜர் ஒரே நிமிடத்தில் சரி என்றுவிட்டார். டாக்டர் கேட்டதால் கக்கூஸ் சாவியும் சூப்பர்வைசர் மேஜையிலிருந்து கதவுப் பக்கத்து ஆணிக்கு மாறியது. படப்பைப் பெண்களும், உட்கார இடம் கிடைக்கும் என்றதும், சீக்கிரம் எழுந்திருக்கச் சம்மதித்தார்கள். சவரிமுத்து மட்டும் அசையவில்லை. நானும் ஏகாம்பரமும் பேசப் போனபோது அவர் வீட்டு வாசலில் இன்னும் நாலைந்து ஆண்கள் கூடியிருந்தார்கள்.

"எங்க பொண்ணுங்க கடைசில ஏறி, நின்னுகினு வரணுமா? இதுக்கா நாங்க அலைஞ்சோம்? யாருக்கு நோவுதாம் இப்போ?"

நான் வாயைத் திறந்தேன். ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வது? நாள் முழுவதும் மலம், மலம் என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு அங்கே சொல் கிடைக்கவில்லை. "உடம்புக்கு நல்லதுங்க" என்று ஏதோ இழுத்தேன்.

"உக்காந்துகினு போனா உடம்புக்குக் கெடுதலா?" என்றார் அவர். ஆண்கள் சிரித்தார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த லூர்து வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்து நிறுத்தாமல் பேசினாள்.

"அப்பா, எனக்கு நோவுது. ரத்தம் வருது. டெய்லி காலைல ரோட்டோரம் உக்காந்தா வண்டி லைட்டுக்கு ஏந்து ஏந்து நிக்கிறோம். அம்மாவும்தான் நிக்குது. வண்டில கம்பெனி வரைக்கும் நின்னுகினே போறோம்ப்பா, கால் நோவாது. ரோட்டோரத்துல எங்கள நிக்க வெக்காத."

யாரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா, "ஆமா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சவரிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஏகாம்பரம்," என்று டிரைவரைக் கூப்பிட்டார். "நாளைலேர்ந்து படப்பைக்கே மொதல்ல போ."

5. மறுபடியும் சாவடி

ஒரு மாதம் கழித்து அதே பெண்களுக்கு மறுபடியும் டப்பா கொடுத்தேன். மறுநாள் காலை வெளிச்சத்தில், நானும் உட்கார்ந்திருந்த வேன் ஊருக்குள் வந்தது. ரோட்டோரம் காலியாக இருந்தது. பெண்கள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு தெருமுனையில் காத்திருந்தார்கள். வேனில் ஏறி, இடம் இல்லாததால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நின்றபடியே ஒவ்வொருத்தியும் டப்பாவை நீட்டினாள். லூர்துதான் முதலில் நீட்டினாள்.

"வலி?"

"இல்லக்கா."

"ரத்தம்?"

"அதுவும் இல்ல. அக்கா, கன்ஃபர்ம் பண்ட்டாங்க. நேத்துதான் சொன்னாங்க." அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் இன்றைக்கும் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வேனை மாற்றியதால் அந்த ஊருக்குக் கழிப்பறை வந்துவிடவில்லை. அது வர வெகுகாலம் ஆனது. அதற்காக அலைந்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் நான் பார்த்த வேலையில் எது உருப்படியானது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: டப்பா காலியாக வந்தால் அந்தப் பெண்ணிடம் எரிந்து விழாதீர்கள். ஏன் காலி என்று கேளுங்கள். கேட்டும் விளங்காவிட்டால் ஒரு நாள் அவளோடு போய் உட்காருங்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை மறுபடியும் நிறுத்தினார்கள். அதே மீசைக்காரர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னாம்மா, இன்னிக்கும் காலி டப்பாதானா?"

நான் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"இல்ல சார். இன்னிக்கி எல்லாமே ஃபுல்லு. தொறந்து பாருங்க."

அவர் இரண்டே எட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, "போலாம் ரைட்" என்று விசில் ஊதினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மெடல் வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து தாம்பரம் வரை வந்தேன்.