அக்காவின் பதக்கங்கள் அழுக்காக இருக்கவில்லை

முதலாண்டு நினைவாக வரும் இந்த மலரின் முற்பக்கத்தில் அக்காவின் வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. குடும்பத்தார் கூடியிருந்து எழுதியது. பிறந்த ஊர், படித்த பள்ளி, உடன்பிறந்தோர் பெயர்கள் எல்லாம் சரி. கடைசிப் பந்தியில் மட்டும், "ஓய்வு நேரங்களில் பழைய காசுகளைச் சேகரித்து மகிழ்ந்தார்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். நான் அதைக் கண்டபோது அச்சு வேலை முடிந்துவிட்டது. அக்கா தன் வாழ்நாளில் ஒரு பழைய காசையும் சேகரித்தவரல்லர். ஆகவே, அழுதுகொண்டு எழுதவேண்டிய கட்டுரையைக் கோபத்தோடு எழுதுவதற்கு உறவினரும் நண்பர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் தேவாரத்துக்குப் போய்விடலாம்.

அக்கா இலங்கையின் வடமராட்சியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பள்ளிப் படிப்பே முடிந்திருக்கவில்லை. ஆசிரியையாக வரவேண்டும் என்றிருந்தவர் தையல் மிசினுக்கு முன்னால் உட்கார்ந்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் மாணவியாக நோர்வேக்கு வந்து, ஒரு வருடம் மக்கள் உயர்பள்ளி என்ற விடுதிப் பள்ளியில் இருந்துவிட்டு, வடக்கே மீன் தொழிற்சாலைக்குப் போனார். விறைத்த கையோடு அவர் மீன் வெட்டிய காசில்தான் நான் விமானம் ஏறினேன், தங்கைமார் படித்தார்கள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, மொழி படித்து, பரீட்சை எழுதி, உதவித் தாதியாகி, நோய் விழுத்தும்வரை அங்கேயே வேலை செய்தார். திருமணம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்டுக் களைத்தவர்கள் பலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்கவேண்டிய வயதில் அவரிடம் எல்லோரும் கேட்டது, இந்த மாதக் காசு எப்போது வரும் என்பதைத்தான்.

இனிப் பதக்கங்களுக்கு வருகிறேன். இங்கே பள்ளிக்கூட வாத்தியக் குழுக்களுக்குக் காசு சேர்க்க வசந்தத்தில் பழம்பொருள் சந்தை நடக்கும் அல்லவா, அப்படியொரு சந்தைக்கு எனக்குக் குளிர்ச் சப்பாத்துத் தேடிப் போனார் அக்கா. கரண்டியும் முள்ளும் கொட்டிக் கிடந்த பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கரும்பழுப்பு வட்டம் அகப்பட்டது. வெண்கலம். ஒரு பக்கத்தில் மூடிய கதவும், அதைத் தட்டுகிற ஒரு கையும். மறுபக்கத்தில் வீட்டுக்குள்ளே விளக்குப் பிடித்தபடி ஒரு பெண். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்த தாதிமாரின் நினைவாக அமெரிக்காவில் வெளியிடப்பட்டது என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அக்கா சப்பாத்தை மறந்துவிட்டு அதோடு வீட்டுக்கு வந்தார்.

"என்னக்கா இது?" என்று கேட்டேன்.

"தட்டுறவ இந்தப் பக்கம். கேட்டுக்கொண்டு நிக்கிறவ அந்தப் பக்கம். ரெண்டு பேருக்கும் நடுவிலை இவ்வளவு தடிப்புத்தான். திருப்பிப் பார் தம்பி."

அன்றைக்குத் தொடங்கியது. இந்தப் பதக்கங்கள் ஓட்டப் போட்டியில் கொடுப்பவை அல்ல. ஒரு நகரத்தின் நூற்றாண்டுக்கு, ஒரு வெள்ளத்தின் நினைவுக்கு, ஒரு ரயில் பாதை முடிந்ததற்கு என்று அமெரிக்கச் சிற்பிகள் செய்தவை. சுவரில் வைக்க வேண்டிய சிற்பத்தைக் கைக்குள் அடங்க வைப்பது அவர்கள் கெட்டித்தனம். முன்பக்கம் ஒரு கதை சொல்லும், திருப்பினால் அந்தக் கதைக்குப் பதிலோ கேள்வியோ இருக்கும். விளிம்பில் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சரித்துப் பார்க்க வேண்டும். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் அக்காவின் வீடு மேல்மாடியில் இருந்தது. பனி கொட்டும் மாரிகாலத்தில் சூரியன் எழும்ப மனமில்லாமல் தரையோடு தரையாக வந்து யன்னலுக்குள் விழுந்துவிட்டுப் போகும். எங்களுக்கெல்லாம் எரிச்சல் தருகிற அந்த வெளிச்சம்தான் அக்காவுக்குப் பிடித்தது. இரவு வேலை முடிந்து வந்தால் படுக்கமாட்டார், அது வரும்வரை பதக்கத்தோடு யன்னலடியில் இருப்பார்.

அந்தக் கரும்பழுப்பு நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது அழுக்கு அல்ல. வெண்கலத்தை அச்சில் அடித்தெடுத்தபின், மருந்திட்டுச் சூடு காட்டி, சிற்பி கேட்ட பழுப்பை அதற்கு ஏற்றுகிறார்கள். பள்ளங்களில் அந்த நிறம் தங்கி நிற்பதால்தான் ஒரு முகத்தின் கன்னமும் கண்குழியும் தெரிகின்றன. அதை எடுத்துவிட்டால் வெறும் மினுக்கம் மிஞ்சும். அக்கா இதை வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொன்னார். நீங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள், ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டீர்கள்.

என்னவெல்லாம் நடந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. ஒருவர், "பிள்ளை எங்கை ஓடி வெண்டது?" என்று கேட்டுவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். இன்னொருவர் தங்கமோ என்று கடித்துப் பார்த்தார். ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒருவர், ஒரு நகரத்தின் நூற்றாண்டுப் பதக்கத்தின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு இலங்கை அரசியல் கதைத்தார். அக்கா கோப்பையை மெல்லத் தூக்கி அப்பால் வைத்து, சேலைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

மதிப்பு வேறிடத்திலிருந்து வந்தது. ஒஸ்லோவில் பதக்கம் சேர்ப்பவர்களின் சிறு வட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, இணைய ஏலங்களில் வாங்கப் பழகிய காலத்தில், அக்காவுக்கு அவர்களின் அறிமுகம் கிடைத்தது. அங்கே அவர் ஒருவர்தான் பெண், ஒருவர்தான் தமிழர். அந்த வட்டத்தைச் சேர்ந்த ஹெல்கெ என்னும் ஓய்வுபெற்ற பல் வைத்தியர், அமெரிக்கப் பதக்கங்களில் சந்தேகம் வந்தால் அக்காவைத்தான் கேட்பார். அவர்தான் முன்நின்று, எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு மாரிகாலம் முழுவதும் அக்காவின் பதக்கங்களைக் காட்சிக்கு வைக்க ஒழுங்கு செய்தார். அக்கா ஒரு நிபந்தனை போட்டார். ஒருநாளாவது கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும்.

"எங்கடை சனம் வந்தா கையிலை குடுக்கவேணும் தம்பி. கண்ணாடிக்குள்ளை வைச்சா நகைக்கடை எண்டு நினைச்சுக்கொண்டு போயிடுவினம்."

அந்தக் கோடையில் நோய் தெரிந்தது. தெரிந்தபோதே பிந்திவிட்டது. இலையுதிர்காலத்தில், காட்சி தொடங்க முன்னரே, அக்கா எங்களை விட்டுப் போனார். கடைசி வாரம் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் பதக்கங்களைக் காட்சிக்கு வைக்க ஹெல்கெயிடம் கொடுத்துவிட வேண்டும். ஓம் என்று சொன்னேன். காணியையோ நகையையோ பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள் பெண்கள் வந்து வீட்டைத் துப்புரவு செய்தார்கள். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோம்மனில் இருக்கும் எங்கள் சின்னம்மா, அம்மாவின் தங்கை, குத்துவிளக்குகளைப் பொறுப்பெடுத்தார். நான் வாழைக்காயும் வெற்றிலையும் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு பெரிய தட்டம் இருந்தது. அதில் அக்காவின் பதக்கங்கள் எல்லாம், கடையிலிருந்து அன்றைக்கு வாங்கிவந்த பித்தளைச் செம்பு போல, மஞ்சளாய்ப் பளபளத்துக்கொண்டு கிடந்தன. குசினித் தொட்டியில் பழப்புளிக் கோதும், உப்பும், பாத்திரம் தேய்க்கிற பச்சைத் துண்டும் இருந்தன.

"விளக்கோடை விளக்கா மினுக்கிப் போட்டன் மோனை," என்றார் சின்னம்மா. "பாசி பிடிச்ச மாதிரிக் கிடந்தது. அவளின்ரை படத்துக்கு முன்னாலை அப்பிடி வைக்கலாமோ?"

"என்ன செய்தனீங்கள் சின்னம்மா?"

"ஏன், வடிவாத்தானே கிடக்கு."

சுற்றி நின்றவர்கள், ஓம், நல்ல வடிவு, கண்ணைப் பறிக்குது என்றார்கள். வேறு எந்தச் சாதியினர் வீட்டிலும், வேறு எந்த நாட்டவர் வீட்டிலும் இது நடந்திராது. செத்தவீட்டில் கறுத்த வெண்கலத்தைக் கண்டால் புளியைத் தேடுகிற கை எங்கள் கை மட்டும்தான்.

அடுத்தநாள் ஹெல்கெ வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் சிறிது நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு தட்டத்தைக் கண்டார். ஒன்றை எடுத்து மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். மருந்து பூசி இன்னொரு பழுப்பை ஏற்றலாம், ஆனால் சிற்பி கொடுத்த பழுப்பு இனி வராது என்று நோர்வேஜிய மொழியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். தேய்த்த பதக்கங்களை அவர்களுடைய வட்டம் காட்சிக்கு வைப்பதில்லையாம், அது அவர்கள் விதி. வாழையிலையில் போட்டதை மிச்சம் விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. புளி பட்டதோடு அக்காவின் பதினைந்து வருடத் தேடலும் செத்துப்போயிற்று என்பது போல அல்லவா அந்த விதி இருந்தது.

எல்லோரும் போனபின் சின்னம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா எத்தினை தரம் உங்களுக்குக் காட்ட வந்தவ? ஒருநாளாவது பார்த்தனீங்களோ? உயிரோடை இருக்கேக்கை ஒருக்காலும் கையிலை எடுக்கேல்லை. முதல்முதலா எடுத்தது தேய்க்கத்தான்."

சின்னம்மா சேலையைச் சொருகிக்கொண்டு நிலத்தில் இருந்தார். விரல் நுனிகள் புளியில் வெந்து சிவந்திருந்தன.

"பார்க்காமல் தேய்க்கேலுமோ தம்பி? கதவு தட்டுறது ஒண்டு கிடந்தது. உள்ளை நிக்கிறவள் பிள்ளைத்தாச்சி. நோக்காடு வந்திட்டுது அவளுக்கு. ஒரு கையாலை இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், விளக்குப் பிடிச்ச கை சரிஞ்சுபோச்சு. பெருவிரலாலை தேய்க்கேக்கை தெரிஞ்சுது."

நான் எழும்பிப்போய் அதை எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. இடுப்பில் கை, சரிந்த விளக்கு. எத்தனையோ தரம் பார்த்த பதக்கம், எனக்கு ஒரு பெண் நிற்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"இன்னொண்டு கிடந்தது," என்றார் சின்னம்மா. "ஒரு பக்கம் பெரிய பாலம், சனம் கம்பியிலை தொங்கி வேலை செய்யுது. மற்றப் பக்கம் பாலமே இல்லை. வெறும் தண்ணி. அது ஏன் தம்பி அப்பிடி?"

எனக்குத் தெரியாது என்றேன். அக்கா உயிரோடு இருந்த காலம் முழுவதும் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் வேலைக்குப் போகாமல்கூட இருந்து பதில் சொல்லியிருப்பார். வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

நூலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த பெண் கேட்டுவிட்டு, எங்களுக்கு அப்படி விதி ஒன்றும் இல்லை, கொண்டுவாருங்கள் என்றார். அந்த மாரி முழுவதும் அக்காவின் பதக்கங்கள் கண்ணாடியே இல்லாமல் ஒரு மேசையில் இருந்தன. இவை எங்கள் வீட்டில் பழப்புளி போட்டுத் தேய்க்கப்பட்டவை, விரும்பியவர்கள் தொடலாம் என்று நோர்வேஜிய மொழியிலும் தமிழிலும் எழுதி வைத்தேன். பிள்ளைகள் தொட்டார்கள். சோமாலியத் தாய்மார், பாகிஸ்தானியக் கிழவர்கள், நடைவண்டியோடு வந்த நோர்வேஜியப் பாட்டிமார் எல்லோரும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஹெல்கெயும் வந்தார், வட்டத்துக்குச் சொல்லாமல். மேற்பூச்சு இல்லாத வெண்கலத்தில் விரல் படப்படப் பழுப்பு ஏறும் என்று அவர்தான் சொன்னார். வசந்தத்தில் திரும்பி எடுத்தபோது அங்கங்கே ஏறத் தொடங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் என்று வந்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அக்காவைத் தங்கள் சொந்தச் சகோதரி போலப் பார்த்த தாதிமாருக்கும், கடைசிவரை முறை வைத்து வந்துபோன முதியோர் இல்லத்துச் சக ஊழியருக்கும், ஸ்தவாங்கரிலிருந்தும் தூர நாடுகளிலிருந்தும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், நூலகத்தாருக்கும், ஹெல்கெக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சின்னம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அவர் செய்ததை மன்னிக்கவும் முடியவில்லை. ஆனால் உங்கள் எல்லோரிலும் அவர் ஒருவர்தான் அக்காவின் பதக்கங்களைப் பார்த்தவர் என்பதை இங்கே எழுதாமல் விட்டால் அது அக்காவுக்குப் பிடிக்காது.

இன்று ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்தில் சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். பதக்கங்கள் அதில் இருக்கின்றன. கையில் எடுங்கள், திருப்பிப் பாருங்கள், துடைக்காமல் வையுங்கள். சின்னம்மா மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். பாலத்தின் மறுபக்கம் ஏன் வெறும் தண்ணீர் என்று உங்களிடமும் கேட்பார், ஒரு வருடமாகக் காண்பவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் பதினைந்து வருடம் எங்கள் நடுவில் இருந்தார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தம்பி
ஒஸ்லோ