அடித்தது போக நின்ற வரி

குழந்தைவேலு விரல் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுப் புகையறைக் கதவில் எழுதிக்கொண்டிருந்தார். ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகை ஏறிக் கறுத்த அந்தக் கதவுதான் அவருக்குக் கரும்பலகை. இடப்பக்கம் சோடியம், ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜன், குளோரைடு. வலப்பக்கம் சோடியம், குளோரைடு, தண்ணீர். இரண்டு பக்கமும் மாறாமல் நிற்பவற்றைத் தேடிப் பிடித்துக் குறுக்கே ஒரு கோடு போடுவார். அப்போது மட்டும் மீசைக்குள் ஒரு சிரிப்பு வரும்.

"சோடியம் வந்தான், அப்படியே போறான். கூடவே குளோரைடு. ரெண்டு பேரும் வேடிக்க பாக்க வந்தவங்க. அடிச்சிருவோம்."

மிஞ்சுவது ஒரே வரி: H⁺ + OH⁻ → H₂O.

மலாயாவில் ஜித்ரா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ரப்பர் ஆலையின் சோதனை அறைக்குக் குப்பி கழுவப் போனவர் அவர். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை சமன்பாடுகளை எழுதி எழுதி அடிப்பதைப் பார்த்தே பழகிக்கொண்டார். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டார். அந்தப் பைத்தியம் மட்டும் இவரிடம் தங்கிவிட்டது. ரசம் புளித்தால்கூட மனைவி செல்லாயியிடம் எந்த அயனி அதிகம் என்று விளக்குவார். சட்டைப் பையில் எந்நேரமும் சங்குப்பூ இருக்கும். எதைக் கண்டாலும் ஓர் இதழைப் போட்டுப் பார்ப்பார். புளிப்பில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் கடைகளில் குளிக்கச் சவுக்காரமே இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சிரங்கு. ஆலையில் கிடந்த காஸ்டிக் சோடாவையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து இவர் சவுக்காரம் காய்ச்சினார். கதவில் எழுதிப் போட்ட கணக்கில் குற்றமில்லை. ஆனால் அந்த எண்ணெயில் யாரோ மெஷின் எண்ணெயைக் கலந்திருந்தார்கள். அது சோடாவோடு சேராது, சோடா மிஞ்சிவிட்டது. அடுத்த வீட்டு மருதம்மாளின் கைக்குழந்தைக்கு முதுகெல்லாம் வெந்து சிவந்தது. கதவில் எழுதியது சரியாக இருந்த தைரியத்தில் தொட்டுக்கூடப் பார்க்காமல் கொடுத்தேனே என்று அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மிச்சக் கட்டிகளைச் சீவித் தண்ணீர் விட்டு உருக்கினார். மிஞ்சிய காரத்தை முறிக்க ஆலையில் ஒரு சொட்டு அமிலமும் இல்லை. கதவின் முன் வெகுநேரம் நின்றார். அடித்தது போக நின்ற வரியில் எந்தக் குப்பியின் பெயரும் இல்லையே; எந்தப் புளிப்பும் போதுமே என்று தோன்றியதும் எலுமிச்சைக்கு ஓடினார். அது வலுவில்லாத அமிலம், தண்ணீரில் முழுதாகப் பிரியாது. அதனால் கதவில் அதைப் பிரிக்காமலே எழுதி, சோடியத்தை மட்டும் அடித்தார். பிறகு சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சங்குப்பூ இதழ் பச்சையிலிருந்து நீலத்துக்குத் திரும்பத் தொடங்கியதும் நிறுத்தினார். அதற்கு மேல் விட்டால் சவுக்காரமே திரிந்துபோகும்.

கட்டி இறுகப் பத்து நாள் ஆயிற்று. எடுத்துக்கொண்டு போனபோது மருதம்மாள் வாசலிலேயே மறித்தாள். குழந்தையின் முதுகு ஆறியிருந்தது. கையில் சிரங்கு முழங்கைவரை ஏறியிருந்தது. கழுவாவிட்டால் இன்னும் பரவும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். கதவுக்கு வந்து பார், எல்லாம் எழுதியிருக்கிறேன் என்றார் இவர்.

"உங்க எழுத்த எம்புள்ள தோலு படிக்குமாண்ணே?"

குழந்தைவேலு கட்டியைத் தூக்கி நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"சுடல, தங்கச்சி. கொழகொழன்னு இருக்கு, அவ்ளோதான்."

மருதம்மாள் கட்டியை வாங்கித் திருப்பி அவர் முன்னாலேயே பிடித்தாள். அவர் அந்தப் பக்கத்தையும் நக்கினார்.