சுண்டுவிரல் தள்ளும் எஞ்சின்

சுண்டுவிரலால் சக்கரத்தை லேசாகத் தள்ளிவிட்டு, உடனே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறார் பல்லுக்காரர். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. சக்கரம் அரைச் சுற்று ஓடி நின்றுவிடுகிறது. “என்னடி, நின்னுட்டியா?” மறுபடி சுண்டுவிரல்.

பல்லுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பல் செட் செய்வது தொழில். என் கீழ்வரிசை இந்தப் பட்டறையில் பிறந்ததுதான். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

பட்டறை ஒரே அறை. ஜன்னலோரம் பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்தபடி வரிசையாக இருக்கும். மூலையில் கம்ப்ரசர். நடுமேஜையில், சக்கரங்கள் எதையும் தொடாதபடி கட்டைமேல் ஏற்றிவைத்த அந்த எஞ்சின்: ஜெர்மனியில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஓடிய பிரஷ்ய பி-எட்டு நீராவி எஞ்சினின் குட்டி உருவம். ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம். நெருப்பு மூட்டுவதற்கு முன் கம்ப்ரசர் காற்றை விட்டு ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

எஞ்சினை ஆரம்பித்தவர் அவர். கை நடுக்கம் வந்த பிறகு பல் செட்டிலும் எஞ்சினிலும் நுணுக்கமான வேலையெல்லாம் மனைவியிடம் போனது. பெரிய சக்கரங்கள் ஆறையும் பல் செட் இறுக்கும் திருகுப் பிடியிலேயே வைத்து, அச்சில் ஏற்றியவர் அந்த அம்மாதான். அங்கேதான் பிசகிவிட்டது. இந்த எஞ்சினில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கத்துத் தண்டு கடைசிவரை போய் நிற்கும்போது, மறுபக்கத்துத் தண்டு பாதி வழியில் இருந்து இழுக்க வேண்டும். அந்த அம்மா இரண்டு பக்கத்தையும் அச்சு அசலாக ஒன்றுபோல் வைத்துவிட்டார். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கின்றன. இழுக்க ஆளில்லை.

“இடமும் வலமும் ஒத்துப்போகலேன்னா செட்டு ஆடும்ல? அந்தப் பழக்கத்துல பாத்துப் பாத்து வச்சா. எனக்கும் உறைக்கல. நானும் பல்லுக்காரன்தானே” என்பார்.

காற்று விட்டுப் பார்ப்பதற்கு முன்பே அந்த அம்மா நெஞ்சு வலியில் போய்விட்டார். எஞ்சின் நின்றுபோனதைப் பார்க்காமல் போனதும் நல்லதுதான் என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன். பல்லுக்காரர் ஒரு தாடையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் வாயிலேயே முன்பற்கள் இரண்டு இல்லை. பல் கட்டிக்கொள்ளக் கூடாதா என்றால், “அளவெடுக்க ஆள் வேணும்ல” என்று பேச்சை முடித்துவிடுவார்.

மாதிரி ரயில் சங்கத்தின் கண்காட்சி நாளை. தண்டவாளத்தைத் தானாக ஒரு சுற்று வந்தால்தான் ஓட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் காட்சிதான். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் புருஷனும் பெண்டாட்டியும் இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். இன்று மாலை சங்கச் செயலாளர், தங்கமான மனிதர், சக்கரம் கழற்றும் கருவியோடு தாமே வந்துவிட்டார்.

“ஒரு பக்கத்துல மூணு சக்கரம் சார். கழட்டி, கால் சுத்து திருப்பி ஏத்திட்டா நாளைக்கு ஜம்முனு ஓடும்.”

“ஓடுமா?”

“ஓடாம எங்க போகும்?”

பல்லுக்காரர் எஞ்சினைத் தூக்கிக் கொடுத்தார். செயலாளர் கொக்கிகளை மாட்டித் திருகை இறுக்கினார். கிர்ரென்று ஒரு சத்தம்.

“வேணாங்க. விட்டுடுங்க.”

“சார், இப்படியே விட்டா ஓடவே ஓடாது!”

“கண்ணாடிப் பொட்டியிலேயே இருக்கட்டும். அவ செஞ்சதெல்லாம் ஊரார் வாயில கிடக்கு. எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு.”

என் நாக்கு தானாகக் கீழ்வரிசையைத் தடவிப் பார்த்தது.

செயலாளர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டார். பல்லுக்காரர் எஞ்சினைக் கட்டைமேல் வைத்துக் காற்றைத் திறந்தார். சக்கரங்கள் அரைச் சுற்று ஓடி நின்றன. உதவுகிற நினைப்பில் செயலாளர் விரலை நீட்டினார். பல்லுக்காரர் அந்தக் கையை மெல்லப் பிடித்து விலக்கிவிட்டு, எங்கள் கண்ணெதிரே தன் சுண்டுவிரலைச் சக்கரத்தில் வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை.