வயல் மோட்டருக்குப் போய்ச்சேராத வோல்ற்

வயர் இழுக்கிறவன் தலைவிதி இதுதான்: பல்பு பளிச்சென்று எரிந்தால் ஜெனரேற்றரைப் புகழ்வார்கள், மங்கினால் அவனைத் திட்டுவார்கள். யுத்தகாலத்தில் மங்கல் பல்பின் கீழே சோறு தின்ற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முனகல்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டையொன்றில் கந்தப்போடியின் நெல் வேளாண்மை பால்பிடிக்கும் பருவத்தில் நின்றது. வாய்க்கால் வற்றிவிட்டது. இரண்டு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் எல்லாம் பதர். ஜெனரேற்றரை வீட்டடியில் வைத்து, வயல் கிணற்று மோட்டருக்கு இருநூறு மீற்றர் மெல்லிய வயர் இழுத்திருந்தார். மோட்டர் முனகியது, சுழலவில்லை.

வயரிங் வேலை செய்கிற என்னைக் கூப்பிட்டார். ஜெனரேற்றரை ஏன் இவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள் என்று கேட்டேன். தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசித் திரிந்த என்னை ஊரே தோழர் என்றுதான் கூப்பிடும். "பக்கத்தில வைச்சா சுட வாற ஹெலிச் சத்தம் கேக்காது, தோழர்," என்றார் கந்தப்போடி.

என் கணக்கு

வயர் வழியிலேயே கொஞ்ச வோல்ற்றைத் தின்றுவிடும். நீளம் கூடினாலும், கம்பி மெலிந்தாலும், மோட்டர் இழுக்கிற அம்பியர் ஏறினாலும் அதிகம் தின்னும். இதை நான் பள்ளியில் படிக்கவில்லை. தொழிலாளருக்கென்று அச்சடித்த நாலு பக்கப் பிரசுரத்தில் படித்தேன். எந்த இஞ்சினியருக்கும் நான் குறைந்தவனில்லை. நூறு மீற்றருக்கு ஒன்பது வோல்ற், இருநூறுக்குப் பதினெட்டு. இருநூற்று முப்பதில் அது பெரிய இழப்பல்ல, மோட்டர்தான் பழுது என்று தீர்ப்புச் சொன்னேன்.

கந்தப்போடியின் மனைவி பாக்கியம் வயரைக் கையில் தூக்கிப் பார்த்தார். "அண்ணன், போற கம்பிக்குக் கணக்குப் பாத்தீங்க, திரும்பி வாற கம்பி சும்மாவா வருது?"

சிவப்புத் துணி

அப்படியானால் இழப்பு முப்பத்தாறு வோல்ற். அதுவும் மோட்டர் சுழன்றபிறகு. சுழலத் தொடங்கி எழும்பும்போது நாலைந்து மடங்கு அம்பியர் இழுக்கும், பாதியளவு வோல்ற்தான் போய்ச்சேரும். தடித்த வயர் இராணுவச் சோதனைச்சாவடி தாண்டி வராது. ஜெனரேற்றரைக் கிணற்றடிக்குத் தூக்கி வருவதைத் தவிர வழியில்லை.

ஹெலிச் சத்தத்துக்கு என்ன செய்வது? தூர வரம்பில் நின்று காது கொடுப்பதாகப் பாக்கியம் சொன்னார். சைகை காட்ட என் சிவப்பு மேதினக் கொடியைக் கொடுத்தேன். ஜெனரேற்றரைக் கிணற்றடிக்குத் தூக்கிவந்து கயிற்றை இழுத்தோம், முதல் இழுவையிலேயே மோட்டர் எழும்பிவிட்டது. அன்றும் மறுநாளும் கொடி அசையவில்லை. வயல் முழுக்க நனைந்தபின் எனக்கு மூச்சு வந்தது. கணுக்கால் தண்ணீரில் நின்ற கந்தப்போடி சிரித்தார். "தோழர், உங்கட கொடியால இந்த ஊருக்கு வந்த முதல் நன்மை இதுதான்."

இருபது வருடம் மேடையில் கத்தி ஒரு அரசாங்கக் கந்தோரையும் அசைக்காத நான், ஒரு பெண் திருத்திய கணக்கால் ஒரு மோட்டரையாவது சுழல வைத்தேன்.