துணி காயும் வகுப்பறையும் மூன்று வேட்பாளர்களும்

எங்கள் வகுப்பறையில் மழைக்காலம் முழுக்கத் துணி காயும். மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டின் சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம். அதற்கு நேர்மேலே கொடி கட்டியிருக்கிறேன். மகள் கணக்குப் போடும்போது அவள் அப்பாவின் சட்டைக் கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்.

இடைநிலைப்பள்ளியில் சேர்த்த வருடம், தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்க்கப் பொறுக்காமல் நிறுத்தி, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. இப்போது பதினாறு வயது. அடுத்த வருடம் எஸ்.பி.எம்., அதாவது இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு. உயிரியல் எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். செய்முறைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். கேட்ட பள்ளிகள் எல்லாம் தங்கள் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று கையை விரித்துவிட்டன.

இந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. என் கணவருக்கு ஒரே கொள்கை: வீட்டெதிரே அடைத்துக் கிடக்கும் லோங்காங் சாக்கடையை எவர் சுத்தம் செய்கிறாரோ அவருக்கே ஓட்டு. எனக்கும் ஒரே கேள்விதான். வீட்டில் படிக்கும் பிள்ளைகளை என்ன செய்யப்போகிறீர்கள்? தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம், கணினி, பேருந்து என்று தேர்தல் அறிக்கைகளில் எல்லாம் இருந்தன. நல்லதுதான், வேண்டியதுதான். நாங்கள்தான் எதிலும் இல்லை. சரி, நேரிலேயே பிடித்துக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் மாட்டியவர் வீடு வீடாக வந்த ஓர் இளம் வேட்பாளர்.

"ஹோம்ஸ்கூலா? சூப்பர் ஆன்டி! அந்த ஸ்கூல் எங்க இருக்கு? கூரை ஒழுகுதா? சொல்லுங்க, மாத்திக் கொடுத்துடலாம் லா."

கொடியில் தொங்கிய துண்டை ஒதுக்கி, "இதுதான் தம்பி ஸ்கூல்" என்றேன். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அடுத்தவர், லிட்டில் இந்தியாவில் பூக்கடை ஓரம் கைகுலுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா. "புள்ள ஒங்க புள்ள. நாங்க வந்தா ஒரு கல்வி ஆபீசரும் ஒங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வாக்குச்சீட்டு கையில் இருந்திருந்தால் அங்கேயே போட்டிருப்பேன்.

மூன்றாமவர் வயதானவர், தடித்த கண்ணாடி. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சோளக் கடைக்குப் பக்கத்தில் அகப்பட்டார். "வீட்டுல படிக்கிற புள்ளைங்க எல்லாரையும் பதிவு பண்ணணும்மா. வருஷத்துக்கு ஒருக்கா ஆபீசர் வந்து பார்க்கணும்" என்றார்.

"எதுக்கு? பாத்திரம் கழுவியாச்சான்னு பார்க்கவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தேன். வாய் அப்படிப் பேசினாலும் உள்ளே பயம். ஒருவர் வருவார், கொடியைப் பார்ப்பார், பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பு என்பார். அந்தக் காலைநேர அழுகையை என்னால் இன்னொரு முறை கேட்க முடியாது.

திரும்பிப் பார்த்தால் கூட வந்த மகளைக் காணோம். அவரிடமே நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், பதிவு பண்ணுனா பக்கத்து ஸ்கூல் லேப் எனக்குக் கிடைக்குமா?"

"ஒம் பேரு எங்கயுமே இல்லன்னா, யாருக்குன்னு சொல்லி நான் கேக்குறது? பேரு இருந்தா கேப்பேன். கிடைச்சிரும்னு இப்பவே சொல்ல மாட்டேன்மா."

காரில் ஏறியதும், அந்த அக்காவின் துண்டறிக்கையில் இருந்த எண்ணுக்கும் இதே கேள்வியை அனுப்பினாள். வீடு போய்ச் சேர்வதற்குள் பதில் வந்தது: லேப் உங்கள் சொந்த ஏற்பாடு. கூடவே கும்பிடும் கைகள் இரண்டு.

"பார்த்தியா?" என்றாள். "நம்மள தொந்தரவு பண்ணாத ஆள நீ தேடுற. என்னைய உள்ள சேர்த்துக்குற ஆள் எனக்கு வேணும்மா. ஆபீசர் வந்தா நான் பேசிக்கிறேன். எனக்கு இப்ப வயித்துவலி இல்ல."

பெருமையாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. அவளுக்காகத்தான் இத்தனை நாளும் பயந்தேன். அவளோ பயத்தை எப்போதோ விட்டிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல்.

எங்களுக்கு ஆய்வுக்கூடம் தர முடியாது என்ற பள்ளிகளில் ஒன்றுதான் எங்கள் வாக்குச்சாவடி. வரிசை அந்த ஆய்வுக்கூடத்தை ஒட்டியே நகர்ந்தது. கதவில் பூட்டு. சன்னல் வழியே பார்த்தேன், நுண்ணோக்கிகள் உறை போட்டு உட்கார்ந்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார், "யாருக்குப் போட்ட?"

"ரகசியம் லா" என்று மை விரலை ஆட்டிக் காட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கொடியை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"என்னம்மா பண்ற?" என்றாள் மகள்.

"ஆபீசர் உயரமா இருந்தா தலையில தட்டும்ல" என்றேன்.